சந்திரகிரிக் கோட்டை எவருக்கும் பட்டா ஆகாது

திருப்பதி சென்று திரும்பும் வழியில் சந்திரகிரிக் கோட்டையையும் அதனுள் இருக்கும் அருங்காட்சியகத்தையும் பார்த்துவந்தவர்களின் பதிவுகள் முகநூலில் அடிக்கடி வலம்வருகின்றன. அவற்றுள் பெரும்பாலானவற்றை இரண்டு வகைக்குள் அடக்கிவிடலாம். வேங்கடம் தமிழனுடையது, கல்வெட்டுகளே சாட்சி, 1953இல் பறிகொடுத்தோம் என்று நம்மவர் எழுதுவது ஒரு வகை. இது தெலுங்குப் பேரரசின் கடைசித் தலைநகரம், இங்கே தமிழுக்கு என்ன வேலை என்று தெலுங்கு நண்பர்கள் எழுதுவது இன்னொரு வகை. இரு சாராரும் ஒருவரையொருவர் வசைபாடினாலும் கேட்பது ஒரே கேள்வியைத்தான்: கோட்டை யாருடையது?

அந்தக் கேள்வியே பிழையானது என்பது என் வாதம். அது வரலாற்றையும் பிழையாக வாசிக்கிறது. இன்று சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் இரு மொழிகளோடு வாழும் மக்களுக்கும் தீங்கு செய்கிறது. மொழியியல் பயின்று, மொழிகள் சந்திக்கும் நிலப்பகுதிகளைப் பற்றி ஆய்வு செய்துவரும் எனக்கு இதைச் சொல்லும் கடமை உண்டு என்று கருதுகிறேன்.

முதலில் கோட்டை. திருப்பதியிலிருந்து ஏறத்தாழ 15 கி.மீ. தொலைவில், சேஷாசல மலைத்தொடரின் அடிவாரத்தில், பெரும்பாறைக் குன்று ஒன்றைச் சாய்மானமாகக் கொண்டு அமைந்தது சந்திரகிரி. ஒருபுறம் இராயலசீமையின் மேட்டுநிலம். மறுபுறம் தொண்டைமண்டலத்துச் சமவெளி. அருகே சுவர்ணமுகி ஆறு. சற்றுத் தள்ளி, சீனிவாசமங்காபுரத்துப் பக்கமிருந்து திருமலைக்கு ஏறும் பழைய படிவழி. மேட்டுநிலத்திலிருந்து சமவெளிக்கு இறங்குவோரையும் சமவெளியிலிருந்து மலைக்கு ஏறுவோரையும் கண்காணிக்க இதைவிடப் பொருத்தமான இடம் அமையாது. எல்லைக்காவலே இக்கோட்டையின் தொழில்.

விஜயநகரப் பேரரசில் சந்திரகிரி ஒரு மாகாணத்தின் தலைமையிடம். தொண்டைமண்டலத்துப் பகுதிகள் ‘சந்திரகிரி ராஜ்யம்’ என்னும் ஆட்சிப்பிரிவில் அடங்கியிருந்தன. இங்கிருந்து ஆண்ட சாளுவ நரசிம்மன்தான் 1485இல் பேரரசின் அரியணையையே கைப்பற்றினான். 1565இல் தலைக்கோட்டைப் போரில் விஜயநகரம் வீழ்ந்தது. தலைநகர் பெனுகொண்டாவுக்கும், 1592 வாக்கில் இரண்டாம் வேங்கடபதிராயர் காலத்தில் சந்திரகிரிக்கும், பின்னர் வேலூருக்கும் நகர்ந்தது. 1598 தொடங்கி இயேசு சபைத் துறவிகள் இந்த அரசவைக்கு வந்துபோயினர். 1646இல் கோட்டை கோல்கொண்டா சுல்தானியத்திடம் சென்றது. பிறகு ஆற்காட்டு நவாபின் உறவினர் வசம். 1782இல் ஹைதர் அலியின் வசம். 1792 உடன்படிக்கை வரை மைசூரின் வசம். கன்னடம், தெலுங்கு, தமிழ், சமஸ்கிருதம், பாரசீகம், தக்கினி, போர்த்துகீசியம் என இத்தனை மொழிகள் இக்கோட்டை வாயிலைக் கடந்திருக்கின்றன. இதில் எந்த ஆண்டை நிறுத்திவைத்து, இதுவே உரிமை ஆண்டு என்று நாம் முத்திரை குத்தப்போகிறோம்?

இனி வாதத்தின் மையத்துக்கு வருகிறேன். சாளுவ நரசிம்மன் காலத்தில் திருமலையில் பாடியவர் தாள்ளபாக அன்னமாச்சாரியார் (1408–1503). அவர் பாடியது தெலுங்கில். அவர்தம் கீர்த்தனைகள் பின்னர் ஆயிரக்கணக்கான செப்பேடுகளில் பொறிக்கப்பட்டுக் கோயிலுக்குள்ளேயே வைக்கப்பட்டன. அதே சாளுவ நரசிம்மன் அதே கோயிலுக்கு அளித்த கொடைகளோ கற்சுவரில் தமிழில் வெட்டப்பட்டன. இன்னும் ஒரு படி மேலே செல்வோம். அன்னமாச்சாரியாரின் மகனும் அவர் வழிவந்தோரும் கோயிலில் ஏற்படுத்திய அறக்கட்டளைகளும் தமிழ்க் கல்வெட்டுகளில் பதிவாகியுள்ளன. பாட்டு தெலுங்கில், பத்திரம் தமிழில். ஒரே குடும்பம், ஒரே மலை, ஒரே தெய்வம்.

திருமலை திருப்பதி தேவஸ்தானம் 1931 முதல் தன் கல்வெட்டுகளை ஆறு தொகுதிகளாக வெளியிட்டது. சாது சுப்பிரமணிய சாஸ்திரி முதலியோரின் அரும்பணி அது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட அக்கல்வெட்டுகளில் மிகப்பெரும்பான்மை தமிழ். தெலுங்கும் கன்னடமும் சிறுபான்மை. இதை முதல்முறை அறியும் தமிழர் துள்ளிக் குதிப்பதும் தெலுங்கர் முகம் சுளிப்பதும் இயல்பே. ஆனால் எழுதப்பட்ட மொழியை வைத்து எழுதியவரின் தாய்மொழியையோ நிலத்தின் உடைமையையோ நிறுவ முடியாது. மொழியியலின் தொடக்கப் பாடம் இது. பன்மொழிச் சமூகங்களில் ஒவ்வொரு மொழிக்கும் ஒரு புழக்கத்தளம் உண்டு. கணக்குக்கு ஒரு மொழி, பாட்டுக்கு ஒரு மொழி, மெய்க்கீர்த்திக்கு ஒரு மொழி, வீட்டுக்கு ஒரு மொழி. இவை ஒன்றையொன்று விரட்டுவதில்லை, வேலையைப் பங்கிட்டுக்கொள்கின்றன.

கிருஷ்ணதேவராயரைப் பாருங்கள். துளுவ மரபினர், கன்னட நிலத்துத் தலைநகரில் அமர்ந்து ஆண்டவர். ஆமுக்தமால்யதா என்னும் காவியத்தைத் தெலுங்கில் இயற்றினார். அக்காவியத்தின் நாயகியோ ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள். திருமலைக்கு அவர் அளித்த கொடைகள் தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகிய மொழிகளில் பொறிக்கப்பட்டன. இவரை எந்த மாநில எல்லைக்குள் அடைப்பது? அடைத்துவிட்டால் எஞ்சுவது கிருஷ்ணதேவராயர் அல்லர். நம் கட்சிக்கான ஒரு சுவரொட்டி மட்டுமே.

தமிழ்த் தரப்பின் வலுவான ஆயுதம் தொல்காப்பியத்தின் சிறப்புப்பாயிரம். வடக்கே வேங்கடம், தெற்கே குமரி என்று பனம்பாரனார் வகுத்த எல்லை அனைவரும் அறிந்ததே. ஆனால் அப்பாயிரம் எதைப் பற்றியது? ஓர் இலக்கண நூலுக்குத் தரவு எங்கிருந்து திரட்டப்பட்டது என்பதைப் பற்றியது. தமிழ் பேசப்படும் நிலத்தின் வழக்கையும் செய்யுளையும் ஆராய்ந்து நூல் செய்யப்பட்டது என்பதே அதன் செய்தி. எந்த அரசனின் ஆணை எதுவரை செல்லும் என்று அது பேசவில்லை. அகநானூற்றில் வேங்கடத்தைப் பாடும் மாமூலனார் முதலியோரும் அம்மலைக்கு அப்பால் மொழி மாறுகிறது என்றுதான் குறித்தார்கள். மொழி மாறும் இடம் என்பது கத்தியால் கீறிய கோடு அன்று. அது பல காதம் அகலமுள்ள ஒரு பட்டை. அப்பட்டைக்குள் வாழ்வோர் இருபுறமும் பேசத் தெரிந்தவர்கள். வேங்கடத்தை வேலியாகப் படிப்பவர்கள் தொல்காப்பியத்துக்குப் பெருமை சேர்ப்பதில்லை. ஓர் இலக்கண ஆசிரியரைக் கிராம நிர்வாக அலுவலராகப் பதவியிறக்கம் செய்கிறார்கள்.

தெலுங்குத் தரப்புக்கும் ஒரு சொல். திருமலையின் தமிழ்க் கல்வெட்டுகள் கோயில் ஊழியர் சிலரின் பழக்கத்தால் வந்தவை, ஊருக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை என்னும் வாதமும் எடுபடாது. திருப்பதிக்குக் கிழக்கே குடிமல்லத்தை எடுத்துக்கொள்வோம். கி.மு. காலத்தது என அறிஞர் பலர் கருதும் இலிங்கத்தால் உலகப் புகழ்பெற்ற ஊர் அது. அவ்வூர்க் கோயிலின் பல்லவர், பாணர், சோழர் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகள் ஊரைத் திருவிப்பிரம்பேடு என்று குறிக்கின்றன. ஊர்ப்பெயரின் ஈற்றில் உள்ள ‘பேடு’ என்பதைக் கவனியுங்கள். திருப்பதிப் பக்கத்து ஏர்ப்பேடும் சென்னைக் கோயம்பேடும் அதே ஈற்றைத்தான் சுமக்கின்றன. இந்த ஊர்ப்பெயர்கள் எந்த எல்லைக் குழுவிடமும் அனுமதி பெற்று அமையவில்லை. இந்நிலத்தின் தமிழ்ப் பழமையை மறுப்பதால் தெலுங்கின் பெருமை ஓர் அங்குலமும் உயராது.

‘யாருடையது’ என்னும் சண்டையில் நாம் இழப்பது கல்வெட்டுகளின் உள்ளடக்கத்தை. கல்வெட்டு எந்த மொழியில் உள்ளது என்று எண்ணிக்கை சொல்வோர், அது என்ன சொல்கிறது என்று படிப்பதேயில்லை. அவை பேசுவது அமுதுபடி, அப்பபடி, அதிரசப்படி, வடைப்படி, சுகியன்படி ஆகியவற்றைப் பற்றி. எத்தனை நாழி நெய், எத்தனை மரக்கால் அரிசி, எவ்வளவு பயறு, மிளகு, வெல்லம் என்பதைப் பற்றி. படைத்த அமுதில் கொடையாளருக்கு உரிய பங்கு எவ்வளவு என்பதைப் பற்றி. திருப்பொன்பண்டாரத்தில் செலுத்திய நற்பணம் பற்றி. அந்தப் பணம் எங்கே போனது? அமெரிக்க வரலாற்றாசிரியர் பர்ட்டன் ஸ்டெய்ன் 1960இல் வெளியிட்ட கட்டுரையில் திருப்பதிக் கோயிலின் பொருளாதாரப் பணியை ஆராய்ந்தார். பக்தர்கள் செலுத்திய பணம் கோயில் கிராமங்களில் ஏரியும் கால்வாயும் வெட்டச் செலவிடப்பட்டது. அதனால் பெருகிய விளைச்சலிலிருந்து அமுதுபடி நடந்தது. வறண்ட நிலத்துக்கு நீர் வந்த கதை அது. மண்வெட்டி பிடித்தவர் தமிழ் பேசினாரா தெலுங்கு பேசினாரா என்று கல்வெட்டு சொல்லவில்லை. ஏரியில் நீர் நின்றதா என்பதே அவர்களுடைய கவலை.

எல்லைக் கோட்டை ஒன்றை எப்படிப் பார்ப்பது என்பதற்கு வெளியிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு. இங்கிலாந்தின் வடபகுதியில், ஹேட்ரியன் சுவருக்கு அருகில், விண்டோலாண்டா என்றொரு ரோமானிய எல்லைக் கோட்டை உண்டு. 1973இல் அங்கே மெல்லிய மரத்தகடுகளில் மையால் எழுதிய கடிதங்கள் கிடைத்தன. ஏறத்தாழ கி.பி. 100ஆம் ஆண்டைச் சேர்ந்தவை. கிளாடியா செவேரா என்னும் பெண் தன் தோழிக்கு எழுதிய பிறந்தநாள் அழைப்பு அவற்றுள் ஒன்று. காலுறையும் உள்ளாடையும் அனுப்பிய செய்தி இன்னொன்றில். உணவுக் கணக்குகளும் உண்டு. அக்கோட்டையில் காவல் நின்ற பட்டாவியரும் துங்ரியரும் இன்றைய நெதர்லாந்து, பெல்ஜியம் பகுதிகளைச் சேர்ந்தவர்கள். எழுதியதோ இலத்தீனில். இலத்தீனில் எழுதியிருப்பதால் அக்கோட்டை இத்தாலிக்குச் சொந்தம் என்று எந்த இத்தாலியரும் கிளம்புவதில்லை. உலகமே அக்கடிதங்களைக் கொண்டாடுவது, எல்லையில் வாழ்ந்த எளிய மனிதரின் அன்றாடம் அவற்றில் தெரிகிறது என்பதற்காக. நம்மிடம் அதைவிட வளமான கருவூலம் மலைச்சுவர் நெடுகக் கல்லில் இருக்கிறது. நாம் அதை வாக்காளர் பட்டியலாகப் படித்துக்கொண்டிருக்கிறோம்.

சந்திரகிரி அருங்காட்சியகத்துக்குச் செல்வோர் இதை மனத்தில் கொண்டு செல்லவேண்டும். இந்தியத் தொல்லியல் துறையின் அவ்வருங்காட்சியகம் ராஜ மகாலில் அமைந்துள்ளது. கல், செங்கல், சுண்ணச்சாந்து ஆகியவற்றால் மரமே பயன்படுத்தாமல் எழுப்பிய மூன்றடுக்கு மாளிகை. கீழிருந்து மேல்வரை வளைவுகளைப் பாருங்கள். அவை தக்காணச் சுல்தானியங்களின் கட்டடக் கலையிலிருந்து வந்தவை. உச்சியிலுள்ள கூம்புகள் கோயில் விமானங்களை நினைவூட்டுபவை. போர்க்களத்தில் எதிர்த்து நின்றவரின் கட்டடக் கலையைத் தன் அரண்மனையில் ஏற்றுக்கொள்ள அந்த அரசுக்குக் கூச்சம் இருக்கவில்லை. அருகிலுள்ள ‘ராணி மகால்’ என்பதும் வழக்கில் வந்த பெயரே. அதன் கீழ்த்தள அமைப்பைக் கொண்டு அது குதிரை லாயமாகவோ படைத்தலைவரின் உறைவிடமாகவோ இருந்திருக்கலாம் என்பாரும் உளர். உள்ளே கற்சிற்பங்களும் செப்புத்திருமேனிகளும் வாள்களும் நாணயங்களும் கோட்டையின் மாதிரியும் உள்ளன. வாளின் முன் நின்று படம் எடுத்துக்கொள்வதில் தவறில்லை. ஆனால் நாணயத்தில் எந்த எழுத்து இருக்கிறது, சிற்பம் எந்த ஊரிலிருந்து வந்தது, அந்த ஊரின் கல்வெட்டு எந்த மொழியில் பேசுகிறது என்று கேட்டுப் பார்க்கும் ஒருவருக்கு அக்கோட்டை வேறு கதை சொல்லும்.

சென்னைவாசிகளுக்கு இன்னொரு கதையும் உண்டு. 1639இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் டே மதராசில் இடம் பெற்றது தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கரிடம். அந்நாயக்கருக்கு மேலிருந்த பேரரசு சந்திரகிரி மரபு. அந்நகரின் வணிகத்தை நடத்திக்கொடுத்தவர்களுக்குத் துபாஷி என்று பெயர். இருமொழியாளர் என்பதே அச்சொல்லின் பொருள். இருமொழியாளரால் வளர்ந்த நகரத்தில் அமர்ந்துகொண்டு ஒருமொழி எல்லைகளுக்காகக் கொதிப்பது வேடிக்கையாக இருக்கிறது.

‘அப்படியானால் வடக்கெல்லைப் போராட்டம் வீணா?’ என்று கேட்பீர்கள். இல்லை. ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் விநாயகமும் நடத்திய போராட்டத்தின்மீது எனக்கு மதிப்பு உண்டு. 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி நம்மோடு இருப்பது அதன் பயன். ஆனால் அது எந்த அடிப்படையில் தீர்ந்தது என்பதை எண்ணிப்பாருங்கள். படாஸ்கர் கிராமத்தை அலகாகக் கொண்டார். அங்கே வாழும் மக்களுள் பெரும்பான்மையோர் பேசும் மொழியைப் பார்த்தார். நிலத்தொடர்ச்சியைப் பார்த்தார். சாளுவ நரசிம்மன் எந்த மொழியில் கொடை எழுதினான் என்று பார்க்கவில்லை. பார்த்திருக்கவும் கூடாது. மக்களாட்சியில் எல்லையை வகுப்பவர்கள் உயிரோடிருக்கும் மனிதர்கள். கல்லறையில் இருக்கும் மன்னர்கள் அல்லர்.

அந்த உயிரோடிருக்கும் மனிதர்களைப் பற்றித்தான் கோட்டைப் பதிவர்கள் எவரும் பேசுவதில்லை. எந்தக் கோடு போட்டாலும் இருபுறமும் சிறுபான்மையினர் எஞ்சுவர். சித்தூரிலும் நகரியிலும் புத்தூரிலும் சத்தியவேட்டிலும் தமிழ் பேசும் குடும்பங்கள் உள்ளன. திருத்தணியிலும் ஓசூரிலும் தெலுங்கு பேசும் குடும்பங்கள் உள்ளன. 1956இல் அரசமைப்பில் சேர்க்கப்பட்ட 350அ உறுப்பு, மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்கப் போதிய வசதி செய்ய முயலவேண்டும் என்று மாநிலங்களைப் பணிக்கிறது. சித்தூரில் தமிழ்ப் பள்ளி வேண்டும் என்று நாம் கேட்பது நியாயம். அதே நாவால், 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டத்துக்குப் பின் நம் எல்லையோரத் தெலுங்குக் குழந்தைகள் தம் தாய்மொழியைப் படிக்க வழி இருக்கிறதா என்றும் கேட்கவேண்டும். தமிழ் கற்பிப்பதை நான் எதிர்க்கவில்லை, எல்லோரும் கற்கட்டும். வீட்டு மொழியையும் கற்கட்டும். வேங்கடத்துக்காக முழங்குவோர் இந்த இரண்டாம் கேள்வியில் வாயடைத்துப்போவதால்தான் அவர்களுடைய முதல் முழக்கத்தையும் என்னால் நம்ப முடிவதில்லை.

எல்லையோர மொழி தாழ்ந்த மொழி என்னும் எண்ணமும் இங்கிருந்தே பிறக்கிறது. சித்தூர்த் தெலுங்கைத் ‘தமிழ் கலந்தது’ என்று ஏளனம் செய்வோர் அங்கே உண்டு. அந்த வழக்கையே இலக்கியமாக்கிக் காட்டினார் நாமினி சுப்பிரமணியம் நாயுடு. இங்கே, வீட்டில் தெலுங்கு பேசும் குடியில் பிறந்த கி. ராஜநாராயணன் கரிசல் தமிழுக்கு அகராதியே தொகுத்தார். தெற்கே குடிபெயர்ந்த தெலுங்கு மக்களின் கதையைக் ‘கோபல்ல கிராமம்’ ஆக்கினார். இருவரையும் கலப்பற்ற மொழி வளர்க்கவில்லை. எல்லை வளர்த்தது.

ஆகவே நான் கேட்பவை மூன்று.

ஒன்று, சந்திரகிரியில் மொழிகளுக்கென்று ஓர் அறை அமையட்டும். சாளுவ நரசிம்மன் காலத் தமிழ்க் கல்வெட்டின் மைப்படி ஒன்று, அன்னமாச்சாரியார் செப்பேட்டின் படி ஒன்று, கிருஷ்ணதேவராயரின் பன்மொழிக் கொடைக் கல்வெட்டுகளின் படிகள் எனப் பக்கம் பக்கமாக வைத்து, தெலுங்கு, தமிழ், கன்னடம், ஆங்கிலம் நான்கிலும் விளக்கம் எழுதட்டும். ஓர் எல்லைக் கோட்டைக்கு இதைவிடத் தகுந்த காட்சிப்பொருள் வேறில்லை.

இரண்டு, 2021இல் சென்னை உயர் நீதிமன்றம் மைசூரில் இருந்த தமிழ்க் கல்வெட்டு மைப்படிகளைச் சென்னைக்கு மாற்ற ஆணையிட்டது. வரவேற்கத்தக்கது. அதோடு நின்றுவிடாமல், மொழிவாரியாகப் பிரிந்துகிடக்கும் படிகள் ஊர்வாரியாக ஒரே இடத்தில் இணையத்தில் கிடைக்கட்டும். திருமலையின் தமிழ்க் கல்வெட்டை ஓரிடத்திலும் தெலுங்குக் கல்வெட்டை வேறிடத்திலும் தேடும் மாணவருக்கு மலை முழுதாகக் காட்சி தராது.

மூன்று, கல்வெட்டு வாசிக்கத் தெரிந்த இளைஞர்கள் அந்த மண்ணிலிருந்தே வரட்டும். மூன்று மாநிலங்கள் சந்திக்கும் குப்பத்தில் 1997இல் நிறுவப்பட்ட திராவிடப் பல்கலைக்கழகம் இருக்கிறது. திருப்பதியில் ஸ்ரீ வேங்கடேஸ்வரா பல்கலைக்கழகம் இருக்கிறது. தெலுங்கு மாணவர் பழந்தமிழ் எழுத்தையும் தமிழ் மாணவர் பழந்தெலுங்கு எழுத்தையும் ஒரே வகுப்பில் அமர்ந்து பயிலும் ஏற்பாடு அங்கே வேண்டும். தன் ஊர்க் கோயில் சுவரில் இருப்பதைப் படிக்கத் தெரியாத தலைமுறைக்கு அச்சுவர் எந்த மொழியில் இருந்தாலும் ஒன்றுதான்.

இதைப் படித்தபின் என்னைத் துரோகி என்று எழுதுவோர் எழுதலாம். எழுதும் முன் தேவஸ்தானக் கல்வெட்டுத் தொகுதிகளில் ஏதேனும் ஒன்றை எடுத்துப் பத்துக் கல்வெட்டுகளைப் படித்துவிடுங்கள். அவற்றில் எத்தனை இடத்தில் இனப்பெருமை வருகிறது, எத்தனை இடத்தில் அரிசியும் நெய்யும் நீரும் வருகின்றன என்று எண்ணிவிட்டு வாருங்கள். அந்தக் கணக்கோடு வருபவரிடம் எவ்வளவு நேரமும் விவாதிக்க நான் அணியமாக இருக்கிறேன்.